எடிட் டேபிளுக்குச் சாதி கிடையாதாம்!

"வெட்டுறதுல என்னப்பா சாதி இருக்கு தம்பி? விஷுவல் எங்க நல்லா இருக்கோ அங்க வெட்டு, ஒட்டு. அவ்வளவுதான்."

சென்னையில் ஒரு செய்தித் தொலைக்காட்சியின் எடிட் அறையில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். இந்த வாக்கியத்தை அங்கே எத்தனை பேர் எத்தனை விதமாகச் சொன்னார்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். டீ வாங்கித் தருவார்கள், செப்டம்பர் 17 வந்தால் வாட்ஸ்அப்பில் பெரியார் படம் வைப்பார்கள், ஏப்ரல் 14இல் அம்பேத்கர் படத்தை எல்லோருக்கும் அனுப்புவார்கள். என் சண்டை அவர்களோடுதான். சாதிச் சங்கத் தலைவனிடம் போய் "உன் கேமரா கோணம் சரியில்லை" என்று யாரும் வாதாடப் போவதில்லை.

தொலைக்காட்சிக்கென்று ஒரு தனி மொழி இருக்கிறது. பைட், கட்அவே, ஆஸ்டன், லூப், ஃபைல் விஷுவல், வாக்ஸ் பாப், விண்டோ. ஊடகவியல் மாணவர்களின் நோட்டுப் புத்தகத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம் இருக்கும். பல்பு மாட்டுவது, போல்ட் முறுக்குவது போலத்தான் சொல்லித் தருவார்கள். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு முடிவு இருக்கிறது. யார் முகம் எவ்வளவு நேரம் நிற்கும், யார் பேச்சு எந்த இடத்தில் அறுபடும், யார் பெயர் எழுத்தில் வரும், யார் பெயர் வராது என்ற முடிவு. இந்த மண்ணில் அப்படிப்பட்ட முடிவை யார் எடுக்கிறார்கள், எந்தப் பழக்கத்தில் எடுக்கிறார்கள் என்று கேட்டால் உடனே "தொழில்நுட்பம்" என்ற கதவு சாத்தப்படுகிறது.

ஃப்ரேமிங் என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் அதற்கு விளக்கம் கேட்டால் நான் ஒரே ஒரு காணொளியைத்தான் சொல்வேன்.

2015 ஜூன் 23. ஓமலூரைச் சேர்ந்த தலித் இளைஞர், பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், தன்னுடன் படித்த பெண்ணோடு திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் தலை துண்டிக்கப்பட்ட உடலாகக் கிடந்தார். பிறகு ஒரு கைபேசிக் காணொளி வெளியே வந்தது. தற்கொலை செய்துகொள்ளப் போவதாக அவரே பேசுகிற காணொளி. மிரட்டிப் பேசவைத்து எடுத்தது என்பதுதான் வழக்கு.

அந்தக் காணொளியை எடிட்டர் கண்ணோடு பாருங்கள். ஓர் ஆள், ஒரு கேமரா, ஒரு வாக்குமூலம். நாங்கள் தினமும் வாங்கி வெட்டும் பைட்டுக்கும் அதற்கும் இலக்கணத்தில் வேறுபாடு கிடையாது. ஃப்ரேமுக்குள் இருப்பது கோகுல்ராஜ் மட்டும். கைபேசியைப் பிடித்திருக்கும் கை உள்ளே இல்லை. என்ன பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த வாய் உள்ளே இல்லை. சுற்றி நின்ற உடம்புகள் உள்ளே இல்லை. ஃப்ரேம் என்றால் எதைக் காட்டுவது என்பதுதான் என்று வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். எதை வெளியே நிறுத்துவது என்பதுதான் ஃப்ரேம் என்று எனக்குப் புரியவைத்தது அந்தக் காணொளி. கோகுல்ராஜின் அம்மா அந்த ஃப்ரேமை நம்பவில்லை. நம்பியிருந்தால் 'காதல் தோல்வி, இளைஞர் தற்கொலை' என்று கீழே ஓடும் ஸ்க்ரோலில் ஒரு வரியாகக் கதை முடிந்திருக்கும்.

அடுத்து நடந்ததும் தொலைக்காட்சிப் பாடம்தான். தீரன் சின்னமலை கவுண்டர் பேரவையின் தலைவர் யுவராஜ் மூன்று மாதத்துக்கு மேல் தலைமறைவாக இருந்தார். தலைமறைவு என்றால் எப்படிப்பட்ட தலைமறைவு? வாட்ஸ்அப்பில் குரல் பதிவு மேல் குரல் பதிவாக விட்டுக்கொண்டே இருந்த தலைமறைவு. காவல்துறைக்குக் கிடைக்காத ஆள் தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்த தலைமறைவு. கடைசியில் முன்கூட்டி அறிவித்துவிட்டு, ஆதரவாளர்கள் சூழ, அக்டோபர் 11ஆம் தேதி நாமக்கல் சி.பி.சி.ஐ.டி. அலுவலகத்துக்கு வந்து சரணடைந்தார். கைது செய்யப்பட வேண்டியவரின் வருகை கேமராக்களுக்கு முன்னால் ஒரு ஹீரோவின் அறிமுகக் காட்சி ஆனது.

இங்கே பைட் என்ற சொல்லைப் பேச வேண்டும். செய்தித் தொகுப்பில் ஒருவர் பேச்சிலிருந்து வெட்டி எடுக்கும் எட்டுப் பத்து விநாடித் துண்டுதான் பைட். பேட்டி வேறு வகை. பேட்டியில் ஆளை உட்காரவைத்து, விளக்குப் போட்டு, வாக்கியத்தை முடிக்கவிடுவார்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பேட்டி. செத்தவனின் அம்மாவுக்கு பைட். அம்மாவின் பைட்டை எப்படி வெட்டுவது என்பதற்கு எடிட் அறையில் எழுதாத விதி ஒன்று இருக்கிறது. அழுகை தொடங்கும் இடத்தில் உள்ளே போ. பேச்சு தொடங்கும் இடத்தில் வெளியே வா. ரஷ்ஷில் அந்தத் தாய் பேசியிருப்பார். எந்த அதிகாரியிடம் மனுக் கொடுத்தோம், அவர் என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார், எந்தப் பிரிவில் வழக்குப் போட மறுத்தார்கள் என்று வரிசையாகச் சொல்லியிருப்பார். அது 'டல்லாக இருக்கிறது' என்று போய்விடும். மார்பில் அடித்துக்கொள்வது தங்கும். இப்படி ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஆதிக்கச் சாதிக்காரர் வாதிடுகிறவர், தலித் அழுகிறவர் என்று படிந்துபோகிறது. அழுகிறவர்மேல் இரக்கம்தான் வரும். அவர் வைக்கும் வாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.

அதே வழக்கில் இன்னொரு காட்சியும் இருந்தது. கோயிலின் சி.சி.டி.வி. பதிவு. செய்தித் தொலைக்காட்சியில் அது என்ன ஆனது? சில விநாடிகளாக நறுக்கி, மெதுவாக ஓடவிட்டு, சிவப்பு வட்டம் போட்டு, அடியில் திகில் இசை சேர்த்து, தொகுப்பாளர் பேசும் நேரமெல்லாம் பின்னால் சுழலவிட்டார்கள். நீதிமன்றத்தில் என்ன ஆனது? அரசுத் தரப்புக்குச் சிறப்பு வழக்கறிஞராக நின்ற ப.பா. மோகன் அதை ஆதாரமாக நிறுத்தினார். பதிவு உண்மையானதா, இடையில் யாராவது கைவைத்தார்களா, சான்றிதழ் முறையாக இருக்கிறதா என்று எதிர்த்தரப்பு குடைந்தது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷ், ஆனந்த் வெங்கடேஷ் இருவரும், பிறழ்சாட்சியாகிவிட்ட பெண்ணை வரவழைத்து அதே காட்சியை ஓடவிட்டுக் கேட்டார்கள். அதில் இருப்பது தான் அல்ல என்றார் அவர். 2023 ஜனவரியில் நீதிபதிகள் திருச்செங்கோட்டுக்கே போய்க் கோயிலையும் தண்டவாளத்தையும் நேரில் பார்த்தார்கள். ஜூன் 2ஆம் தேதி யுவராஜின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தார்கள்.

ஒரே பதிவுதான். ஓரிடத்தில் அது சாட்சி, இன்னோரிடத்தில் வால்பேப்பர். தொழில்நுட்பத்துக்குச் சாதி இல்லை என்கிறவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை எனக்கு விளக்கட்டும். கருவி ஒன்றுதான். அதன் முன்னால் உட்கார்ந்தவருக்கு உண்மை தேவைப்பட்டதா, பரபரப்பு தேவைப்பட்டதா என்பதுதான் வேறுபட்டது.

லூப் பற்றிச் சொல்லும்போது உடுமலைப்பேட்டையை விட முடியாது. 2016 மார்ச் 13, பட்டப்பகல், பேருந்து நிலையப் பகுதி. சங்கரும் கௌசல்யாவும் வெட்டப்பட்ட சி.சி.டி.வி. பதிவை எத்தனை முறை பார்த்தீர்கள்? மதியம், மாலை, இரவு விவாதம், மறுநாள் காலை. அலறல் கேட்காத ஊமைப் படம். முதல் முறை நெஞ்சு பதறும், பத்தாவது முறை சாம்பார் ஊற்றிக்கொண்டே பார்ப்போம். இதைவிட மோசமான வேலை ஒன்றையும் அந்த லூப் செய்தது. சாதி தாண்டிக் காதலிக்கும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக் கூடத்திலும் அது எச்சரிக்கைப் படமாக ஓடியது. 'பாத்துக்க, இதுதான் கதி' என்று அப்பன் வாய் திறந்து சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் தொலைக்காட்சி சொல்லிக்கொண்டிருந்தது. கொலைக்கு ஓடிய லூப், 2017 டிசம்பர் 12இல் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்த தீர்ப்புக்கு ஓடவில்லை. 2020 ஜூன் 22இல் உயர் நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தையை விடுவித்தபோது இன்னும் சுருங்கிப்போனது.

ஆஸ்டன் என்பது திரையின் கீழ்ப்பகுதியில் வரும் எழுத்துப் பட்டை. பெயரும் அடையாளமும் அதில்தான் வரும். தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சியின் சாதி அரசியலில் பாதி அந்தப் பட்டைக்குள் குடியிருக்கிறது. 'இரு தரப்பினரிடையே மோதல்'. எந்த இரு தரப்பு? வீட்டைக் கொளுத்தியவன் ஒரு தரப்பு, வீடு எரிந்தவன் இன்னொரு தரப்பா? 2012 நவம்பர் 7ஆம் தேதி தர்மபுரி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. அதன் பெயர் இன்றுவரை 'தர்மபுரி கலவரம்'. கலவரம் என்றால் இரண்டு பக்கமும் கல் பறக்க வேண்டுமே! இங்கே ஒரு பக்கம் கும்பலும் தீயும், இன்னொரு பக்கம் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய பெண்களும் மட்டுமே இருந்தார்கள். 'கௌரவக் கொலை' என்று பட்டையில் எழுதிக்கொண்டிருந்தார்களே, அந்தச் சொல்லை விரட்டி 'ஆணவக் கொலை' என்று மாற்ற இந்த இயக்கங்கள் எத்தனை மேடையில் கத்த வேண்டியிருந்தது! இப்போது எல்லாச் சேனலும் அதை எழுதுகிறது. பட்டைக்குள் ஒரு சொல்லை மாற்றவே அத்தனை காலம்.

விவாத நிகழ்ச்சியின் விண்டோவும் அப்படித்தான். கொலையை நியாயப்படுத்தும் சாதிச் சங்கப் பேச்சாளருக்கு ஒரு சதுரம், செத்தவனுக்காகப் பேசுபவருக்கு ஒரு சதுரம், இரண்டும் ஒரே அளவு. இதற்குப் பெயர் சமநிலையாம். கொலைக்கும் கொலையின் எதிர்ப்புக்கும் நடுவில் தராசு பிடிப்பவர்கள்!

இனி நூற்றெண்பது டிகிரி விதி. கேமராக்காரர்களுக்கு ஆத்திசூடி மாதிரி. இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசினால் இருவருக்கும் நடுவில் ஒரு கற்பனைக் கோட்டை வைத்துக்கொள், கேமரா அந்தக் கோட்டின் ஒரே பக்கம் நிற்க வேண்டும், தாண்டினால் பார்ப்பவருக்கு இடம் வலம் குழம்பிவிடும் என்பார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் அந்தக் கோடு கற்பனையானது அல்ல. அது தார்ச்சாலை. அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் காலனி. பிரச்சினை நடந்த கிராமத்துக்கு நேரலை வண்டி வந்தால் எங்கே நிற்கும்? நிழல் இருக்கும் இடத்தில், டீக்கடை இருக்கும் இடத்தில், வண்டி திருப்ப இடமிருக்கும் இடத்தில். அது எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இறங்கியதும் வாக்ஸ் பாப், அதாவது பொதுமக்கள் கருத்து. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வெள்ளை வேட்டிகள் சொல்வார்கள்: "நாங்கெல்லாம் அண்ணன் தம்பியா, மாமன் மச்சானாத்தாங்க பழகுறோம். வெளியாளுங்க வந்துதான் கெடுத்துட்டாங்க." இந்த பைட்டை எத்தனை மாவட்டங்களிலிருந்து வந்த ரஷ்ஷில் கேட்டிருக்கிறேன்! குரலும் மீசையும் மாறும், வாக்கியம் மாறாது. மாமன் மச்சான் என்கிறார்களே, ஒரு கல்யாணம் நடந்திருக்கிறதா அண்ணே என்று திருப்பிக் கேட்ட செய்தியாளரை மட்டும் எந்த ரஷ்ஷிலும் பார்க்கவில்லை.

கேமரா காலனிக்கு வரவே வராதா? வரும். போலீஸ் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று லாங் ஷாட் எடுக்கும். காலனி மக்கள் சாலை மறியல் செய்தால் ஓடி வரும். நம்மைப் போலீஸ்காரரின் தோளுக்கு மேலிருந்து பார்க்கும் கோணம் அது. அந்தக் கோணத்தில் எந்த மனிதரும் கும்பலாகத்தான் தெரிவார்.

காட்சி இருந்தால் இதெல்லாம். காட்சியே இல்லாவிட்டால்? தம்மம்பட்டியிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் ஆத்தூர். அதன் அருகே தளவாய்ப்பட்டியில் 2018 அக்டோபர் 22ஆம் தேதி இரவு, எட்டாம் வகுப்புப் படித்த 13 வயதுத் தலித் சிறுமியைத் தாயின் கண் முன்னே கழுத்தை அறுத்துக் கொன்றான் ஒருவன். பிள்ளையின் பெயரை நான் எழுதவில்லை. அந்த வாரம் தொலைக்காட்சிகளில் என்ன ஓடியது என்று நினைவிருக்கிறதா? மீ டூ விவாதங்கள், 18 எம்.எல்.ஏ.க்கள் தகுதிநீக்கத் தீர்ப்பு, 'சர்கார்' படத்தின் கதைத் திருட்டுப் பஞ்சாயத்து. எல்லாம் பேச வேண்டியவைதான், சர்கார் தவிர. ஆனால் மீ டூ பேசிய அதே மேசைகளில் ஆத்தூர்ப் பிள்ளை ஏன் இல்லை என்று சமூக வலைத்தளங்களில் நம் தோழர்கள் கேட்டுக் கேட்டுத்தான் சேனல்கள் திரும்பிப் பார்த்தன. 'விஷுவல் இல்லையே' என்பது தொலைக்காட்சியின் நிரந்தரப் பதில். ஓலையும் சிமெண்ட் ஷீட்டும் போட்ட வீட்டில் சி.சி.டி.வி. கிடையாது. கொல்லப்படுவதற்கும் ஒரு கேமரா வசதி வேண்டும் போலிருக்கிறது.

திரும்பிப் பார்த்தபோது என்ன செய்தார்கள்? குழந்தையின் புகைப்படத்தைத் திரை முழுக்கப் போட்டார்கள். அடுத்த துண்டிலேயே 'கொலை செய்தவர் மனநலம் சரியில்லாதவர்' என்ற பேச்சு. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் குலேஷோவ் என்ற இயக்குநர் ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகரின் அசைவற்ற முகம். அதற்குப் பக்கத்தில் சூப் கிண்ணத்தைக் காட்டினால் அது பசித்த முகம், சவப்பெட்டியைக் காட்டினால் துக்க முகம். முகம் ஒன்றுதான், பக்கத்தில் எது வருகிறதோ அதுதான் பொருளைத் தருகிறது. எடிட்டிங் என்ற கலையே இதன்மேல் நிற்கிறது. கொலைக்குப் பக்கத்தில் சாதியை வைத்தால் அது வன்கொடுமை. கொலைக்குப் பக்கத்தில் மனநோயை வைத்தால் அது விபத்து மாதிரி. எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது என்று ஓர் எடிட்டரும் அவருக்கு மேலே ஒரு அவுட்புட் ஆசிரியரும் முடிவு செய்கிறார்கள். பார்க்கிறவருக்கு அந்த வெட்டு தெரியாது, தெரியாமல் இருந்தால்தான் நல்ல எடிட்டிங் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு இந்தத் தொழிலை முதலில் கற்றுக்கொடுத்தது தம்மம்பட்டிக் கல்யாண வீடியோக்கள். சென்னைக்குப் போவதற்கு முன்னால் எங்கள் ஊரில் ஒரு ஸ்டுடியோவில் இரவெல்லாம் உட்கார்ந்து கல்யாணம் வெட்டினேன். மாப்பிள்ளை அழைப்பில் பறை அடித்து முன்னால் போகிறவர்கள் இருப்பார்கள். எங்கள் ஆட்கள். டெலிவரிக்கு முன்னால் பார்க்க வரும் பெரியவர் சொல்வார்: "அடிக்கிறவங்கள எடுத்துடு தம்பி, சத்தத்துக்கு ஏதாவது பாட்டுப் போட்டுக்க." பறை இல்லாமல் ஊர்வலம் நகராது. ஆனால் வீடியோவில் பறை இருக்கக் கூடாது. ஆடும் கால்கள் இருக்கும், அந்தக் கால்களை ஆடவைத்த கைகள் இருக்காது. கேமராவே அந்த வேலையைப் பாதி செய்திருக்கும். அடிக்கிறவர் தோளுக்கு மேலே ஃபோகஸ் தாண்டி மாப்பிள்ளையின் காரில் போய் நிற்கும். ஜம்ப் கட் என்றால் என்ன என்று கல்லூரி மாணவர்கள் கேட்கும்போது நான் இதைத்தான் சொல்கிறேன். ஊர்வலம் தெருமுனையில் இருக்கும், அடுத்த கணம் மண்டப வாசலில் இருக்கும். நடுவில் துண்டு விழுந்ததில் யார் இருந்தார்கள்?

தம்மம்பட்டி என்றால் தொலைக்காட்சிக்கு இரண்டு கதைதான் தெரியும். புவிசார் குறியீடு வாங்கிய மரச்சிற்பம், தை பிறந்தால் ஜல்லிக்கட்டு. சிற்பம் அழகுதான், யார் இல்லை என்றது? வாகைக் கட்டையில் உளி இறங்கும் க்ளோஸ்அப்பை நானும் ரசித்திருக்கிறேன். அந்தத் தொகுப்புகள் எல்லாம் ட்ரோன் ஷாட்டில்தான் தொடங்கும். பின்னால் மலை, நடுவில் சுவேத நதி, கோபுரம், ஓட்டுக் கூரைகள். ட்ரோனை இன்னும் ஐம்பது அடி மேலே ஏற்றினால் போதும், எந்த ஊரின் சாதி வரைபடமும் கையில் விழும். தெரு எங்கே முடிகிறது, காலனி எவ்வளவு தள்ளித் தொடங்குகிறது, சுடுகாடு ஏன் இரண்டு என்று மேலிருந்து பார்த்தால் குழந்தைக்கும் புரியும். அதற்கு முன்னால் வெட்டிவிடுவார்கள். அழகியல் காரணங்களுக்காக.

யார் வெட்டுகிறார்கள் என்பதற்கு வருகிறேன். 1996இல் பி.என். உனியால் என்ற பத்திரிகையாளர் டெல்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடிப் புறப்பட்டார். அரசு அங்கீகாரம் பெற்ற 686 பேரின் பட்டியலை எடுத்துவைத்துத் தேடியும் ஒருவரைக்கூடக் கண்டுபிடிக்க முடியாமல் 'பயனியர்' இதழில் எழுதினார். இருபது ஆண்டுகள் கழிந்தன. 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் ஆங்கில, இந்தி ஊடகங்களை எண்ணிப் பார்த்தன. செய்தி அறைகளின் தலைமைப் பொறுப்புகள் 121. அவற்றில் 106இல் உயர்சாதியினர். பட்டியல் சாதி, பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. தமிழ்த் தொலைக்காட்சிகளை அந்த ஆய்வு எண்ணவில்லை. இது பெரியார் மண், இங்கே பார்ப்பனர் ஆதிக்கமா நடக்கிறது என்று மார்தட்டுகிற சேனல்கள் தாங்களே எண்ணிக் காட்டட்டுமே. பார்ப்பனர் எழுந்துபோன நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. நான் வேலை பார்த்த ஷிப்டில் எடிட் மேசைகளில் காலனியிலிருந்து வந்தவன் நான் ஒருவன். அறையைக் கூட்டிய அக்காவையும் சேர்த்தால் இரண்டு பேர்.

ஆள் மாறினால் எல்லாம் மாறிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. இலக்கணம் மாற வேண்டும். மாற்ற முடியும் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். 2003இல் ஆர்.பி. அமுதன் மதுரையில் எடுத்த 'பீ' ஆவணப்படத்தைத் தேடிப் பாருங்கள். தெருவில் மலம் அள்ளும் ஒரு பெண்ணின் பின்னாலேயே கேமரா போகும். முகம் சுளிக்கிற இடத்தில் தொலைக்காட்சி என்ன செய்யும்? கட்அவே போடும், மங்கலாக்கும், ஒரு மரத்தையோ வானத்தையோ காட்டி உங்களைக் காப்பாற்றும். அமுதன் காப்பாற்ற மறுக்கிறார். நாகராஜ் மஞ்சுளேவின் 'ஃபன்றி'யில், பிடித்த பன்றியைத் தூக்கிக்கொண்டு அந்தக் குடும்பம் பள்ளிச் சுவரைக் கடந்து போகும். சுவரில் அம்பேத்கரும் சாவித்ரிபாய் பூலேயும் வரையப்பட்டிருப்பார்கள். ஒரு வசனம் கிடையாது, ஒரே ஃப்ரேம். மாரி செல்வராஜ் 'பரியேறும் பெருமா'ளின் முடிவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டீ கிளாஸ்களை வைத்தது குலேஷோவுக்கே பாடம் எடுக்கிற வேலை.

இதைச் சொன்ன கையோடு நம் பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை. சாதிப் பெருமை ரீல்ஸ் எப்படி இருக்கும்? கீழிருந்து மேலே பார்க்கும் கோணம், மெதுநடை, பறக்கும் துண்டு, மீசை முறுக்கல், பின்னால் இசை. நம் ஆட்கள் போடும் ரீல்ஸ் எப்படி இருக்கின்றன? அதே கோணம், அதே மெதுநடை, துண்டு மட்டும் நீலம். தோழர்களே, அந்தக் கோணம் பண்ணையாரைப் பெரிதாகக் காட்டுவதற்காக நம் சினிமாவில் பழகிய கோணம். அதில் போய் நம் ஆளை நிறுத்துவது நமக்கு எதற்கு? அம்பேத்கருக்கு ஸ்லோ மோஷன் தேவையில்லை. அவர் உட்கார்ந்து எழுதுகிற புகைப்படத்துக்கு இருக்கும் பலம் எந்த மெதுநடைக்கும் கிடையாது.

ரீல்ஸுக்கு எடுக்கும் அதே கைபேசி வேறொரு வேலைக்கும் வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், 2016 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 15ஏ பிரிவின் 10ஆம் உட்பிரிவு, இந்தச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்கள் தொடர்பான எல்லா நடவடிக்கைகளும் காணொளியாகப் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. எத்தனை காவல் நிலையங்களில், எத்தனை நீதிமன்றங்களில் இது நடக்கிறது என்று உங்கள் ஊரில் கேளுங்கள். கேட்டு வாங்குங்கள். கேமராவை நம் பக்கம் திருப்பச் சட்டமே சொல்லியிருக்கும்போது நாம் ஏன் நேரலை வண்டிக்காகக் காத்திருக்க வேண்டும்?

காலனியில் தாக்குதல் நடந்து நீங்கள் போக நேர்ந்தால், முதலில் அகலமான ஷாட் எடுங்கள். சாலை, ஊர்ப் பக்கம், காலனிப் பக்கம், எரிந்த வீடு எல்லாம் ஒரே ஃப்ரேமில் வரட்டும். நிறுத்தாமல் நடந்துகொண்டே எடுங்கள், வெட்டு விழ வேண்டாம். காயம்பட்டவர் பேசினால் அழுகையோடு நிறுத்திவிடாதீர்கள், அவர் சொல்லி முடிக்கும் வரை எடுங்கள். குழந்தைகளின் முகம் வெளியே போகும் படத்தில் வேண்டாம். பாட்டு, எழுத்து, ஃபில்டர் எதையும் மூலக் கோப்பின்மேல் போடாதீர்கள், வேண்டுமானால் நகல் எடுத்து அதில் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், எப்போது எதில் எடுத்தது என்ற விவரங்களும் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுக்குப் பதிலாக பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு வந்திருக்கிறது. அதன் சான்றிதழில் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் கேட்கிறார்கள். அது கோப்பின் கைரேகை மாதிரி, ஒரு ஃப்ரேமைத் தொட்டாலும் மாறிவிடும். எடுத்த கைபேசியைப் பரிமாற்றத்தில் கொடுத்துவிடாதீர்கள். பழையதானாலும் உறைபோட்டு வீட்டில் வையுங்கள். திருச்செங்கோடு கோயிலில் 2015 ஜூனில் பதிவான காட்சியை உயர் நீதிமன்றம் 2022 நவம்பரில் ஓடவிட்டுப் பார்த்தது.